விரிசலின் முனை

இருபத்திரண்டு டன் கண்டெய்னரைச் சுமந்து வந்த டிரெய்லர் ஒன்று, காலை பத்தரை மணிக்கு, கார்டன் ரீச் பக்கத்து டாக் பாலத்தின் நட்டநடுவில் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது சக்கரம் கான்கிரீட் கட்டையில் ஏறி இறங்கியதில், டிரெய்லரைத் தாங்கும் வலப்பக்கத்து சேஸ் பீம் வளைந்து, அடியில் கிழிந்து, தார்ச்சாலையில் முட்டிக்கொண்டது. இழுத்தால் பீம் ஒடிந்து கண்டெய்னர் சாயும். கிரேனின் எடையைப் பாலம் தாங்காது.

கப்பல் வந்தால் தூக்கித் திறக்கிற பாலம் அது. ஹூக்ளி ஆற்றில் நீர் ஏறி நிற்கும் ஒன்றே முக்காலுக்குள், மதகுக்கு வெளியே காத்திருக்கும் கப்பல் உள்ளே வந்தாக வேண்டும். தவறினால் அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

ஃபிராங்க்ளின் வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கியபோது மணி பதினொன்று. தூத்துக்குடிக்காரர். டிரெய்லர்களை ஓட்டும் கம்பெனியின் பட்டறைக்கு ஆறு வருஷமாக அவர்தான் பொறுப்பு. பாலத்தின் இரு பக்கமும் லாரிகளின் ஹாரன் காதைத் துளைத்தது. துறைமுகப் போக்குவரத்து அதிகாரி வசுந்தரா வாக்கிடாக்கியோடு ஓடி வந்தாள். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவள். முன்பே இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அடியில படுத்துப் பாத்துட்டுச் சொல்லுதேன் மேடம்."

பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். கட்டைகளை அடுக்கி, இரண்டு ஜாக்கிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே மல்லாந்து புகுந்தார். முகத்துக்கு ஒரு முழம் மேலே இருபத்திரண்டு டன். டிரைவர் ஷம்புதா ஜாக்கியை அடிக்க, இவர் வளைவின் மேல் கேஸ் நெருப்பைக் காட்டினார். இரும்பு மங்கிய சிவப்பாக மாறி, முனகிக்கொண்டே கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்ந்தது. நெருப்பை நிறுத்தினார். வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கக் கை ஒழியவில்லை.

பீம் நேரானபோது மணி பன்னிரண்டே முக்கால். இனி, கிழிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அது முடியும் இடத்தில் ஒரு துளை போட வேண்டும். துளை இல்லாவிட்டால், மேலே எவ்வளவு ஒட்டினாலும் விரிசல் நகர்ந்துகொண்டே போகும். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

வசுந்தரா குனிந்து, "பட்டை வச்சு ஒட்டுங்க, போதும். நாப்பது மீட்டர்தானே? டெல்லி வரைக்குமா ஓடப் போகுது?" என்றாள்.

ஃபிராங்க்ளின் கண்ணுக்குத் தெரிந்த கிழிசலை மட்டும் பார்த்தார். மணியையும் பார்த்தார். துளை போடும் மெஷினை எடுக்காமலே, கிழிசலை ஒட்டி, மேலே இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங்கை முடித்தார்.

ஒன்றேகால். ஆறட்டும் என்று பத்து நிமிஷம் விட்டார்கள். பேட்டரியை மாட்டிவிட்டு ஷம்புதா கேபினில் ஏறினார். ஃபிராங்க்ளின் ஜாக்கியை மெல்லத் தளர்த்தினார்.

டிக்.

கிளி கொட்டை உடைப்பது போல ஒரு சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆறுகிற இரும்பு அப்படிச் சத்தம் போடுவது உண்டுதான். நாற்பது மீட்டர். ஒன்றும் ஆகாமலே போகலாம். வசுந்தரா வாக்கிடாக்கியை வாயருகே வைத்து இவர் தலையசைப்புக்காகக் காத்திருந்தாள். கேபின் கண்ணாடியில் ஷம்புதாவின் பாதி முகம் தெரிந்தது.

ஜாக்கியை மறுபடி இறுக்கிவிட்டு, டார்ச்சோடு உள்ளே புகுந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பட்டைக்கு அடியிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு புறப்பட்டு, பீமின் நடுத்தகட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஷம்புதா, நேமே எஷோ! சீக்கிரம் இறங்கு!"

ஷம்புதா கதவைத் திறந்து குதித்தார்.

"என்ன ஆச்சு?" வசுந்தரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு!"

"விரிசல் மேல போயிருக்கு மேடம். நான் முனையைத் தேடல. துளையும் போடல. தெரிஞ்சேதான் விட்டேன்."

"இப்ப சொல்றீங்க?"

"இப்பவாவது சொல்லுதேன்லா. நகட்டினா கேபினோட சாயும்."

வசுந்தரா ஒரு கணம் அவரை முறைத்தாள். சட்டென்று, கட்டியிருந்த காட்டன் புடவையோடு தார்ச்சாலையில் முழங்காலூன்றித் தலையை உள்ளே நீட்டினாள். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. பயந்திருந்தாள்.

வாக்கிடாக்கியில் சொன்னாள்: "கப்பலை உள்ளே விட வேண்டாம். இந்த ஏற்றத்துக்குப் பாலம் திறக்காது. ஆமா, என் உத்தரவுதான். என் பேரையே எழுதிக்கோங்க."

பிறகு, "அவசரப்படுத்தினது நான்தான். இனிமே உங்க இஷ்டப்படி பண்ணுங்க," என்று ஃபிராங்க்ளினிடம் சொல்லிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிகளை நோக்கி நடந்தாள்.

பேட்டரி ஒயரை மறுபடி கழற்றி, முதலில் ஒட்டிய பட்டையை வெட்டியெடுத்துவிட்டுப் பெயிண்டைச் சுரண்டியபோது, விரிசல் ஒரு சாண் உயரத்துக்குப் போய் முடிந்திருந்தது. அங்கே துளை போட்டார். கோடு முழுவதையும் பள்ளமாகக் கடைந்து, இரும்பைச் சூடாக்கி, விரற்கடை விரற்கடையாக ஒட்டினார். சீக்கிரம் ஆறட்டும் என்று பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்த ஷம்புதாவை, திடீரென்று குளிர்ந்தால் இரும்பு மறுபடி விரியும் என்று கையை நீட்டித் தடுத்தார். இரண்டு பக்கமும் பட்டை வைத்து முடித்தபோது மணி நாலு. கப்பலுக்குரிய நீர் எப்போதோ வடிந்துவிட்டது.

பேட்டரியை மாட்டினார்கள். ஜாக்கி இறங்கியது. வசுந்தராவும் திரும்பி வந்திருந்தாள். மூன்று பேரும் காதைக் கொடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஷம்புதா நடை வேகத்தில் ஓட்ட, ஃபிராங்க்ளின் பட்டையிலிருந்து கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே நடந்தார். டிரெய்லர் பாலத்தைத் தாண்டி யார்டுக்குள் போய் நின்றதும், அவர் கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்தார். ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வசுந்தரா ஜீப்பின் கதவைத் திறந்தாள். சட்டையெல்லாம் கிரீஸாக இருக்கிறதே என்று ஃபிராங்க்ளின் வெளியே தயங்கி நின்றார்.

"அங்க என்ன மேடம் சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லுவோம். ஏறி உக்காருங்க. என் புடவை மட்டும் என்ன வாழுது?"