இருநூற்றுப் பதினான்காவது பதிவு

ஒன்பது வருடங்களில் ஒரு நாள்கூட உத்திராபதியை உட்காரச் சொல்லாத செல்லப்பன் சார், அன்று காலையில் தானே ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீயும் வரவழைத்திருந்தார். மேசைமேல் சுவிட்ச் ரூம் பதிவேடு முந்தின நாள் பக்கத்தில் திறந்து கிடந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. மாப்பிள்ளை உபசாரம் எதற்கு என்று உத்திராபதிக்குத் தெரியும். டீயைத் தொடவில்லை.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலை அது. எந்த லைனில் கரண்டை நிறுத்துவது, எதில் விடுவது என்பதெல்லாம் சுவிட்ச் ரூமில் உத்திராபதியின் பொறுப்பு. ஆனால் சுவிட்சின் கைப்பிடியைத் தொடும் முன் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வரிசை எண், மணி, செய்யப் போகும் காரியம், செய்யச் சொன்னவர், காரணம். கம்பத்தில் ஏறின ஆள் இறங்கி நேரில் வந்து சொன்ன பிறகுதான் அந்த எண்ணுக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஆலைக்கே கரண்ட் போய்த் திரும்பி வந்தால், வந்த வேகத்தில் கைப்பிடிகளை ஏற்றிவிடக் கூடாது. பதிவேட்டை எடுத்து, முடியாமல் நிற்கிற எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்தக் கம்பியில் இன்னும் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை குத்தியிருக்கும் என்பதால் ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியாது. பாத்ரூம் போவதையும் எழுதிவிட்டுத்தான் போவான் என்று மற்ற ஷிப்டுக்காரர்கள் அவனைக் கேலி பேசுவார்கள்.

நேற்று பகல் ஒன்றேகாலுக்கு அவன் 214 எழுதினான். அரவை லைனில் கரண்டை நிறுத்துதல். கம்பத்தில் கம்பி தாங்கும் பீங்கானை மாற்ற வயர்மேன் தர்மன். எழுதிவிட்டுக் கைப்பிடியை இறக்கினான். ஒன்று ஐம்பதுக்கு ஆலை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மரில் கோளாறா என்று பார்க்க உத்திராபதி வெளியே ஓடினான். அவன் திரும்புவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அரவை நிற்கிறதே என்று மேனேஜர் போனில் கத்த, உதவி இன்ஜினீயர் செல்லப்பன் சார் தானே சுவிட்ச் ரூமுக்குள் புகுந்து எல்லாக் கைப்பிடிகளையும் வரிசையாக ஏற்றிவிட்டார். பதிவேடு கண்ணெதிரே கிடந்தது. அவர் எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. அந்த நேரத்தில் தர்மன் வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தான்.

உயிர் தப்பிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் அந்தக் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"விபத்த விசாரிக்க இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வராரு," என்றார் செல்லப்பன் சார். "214-க்கு எதிர்ல ஒரு 'முடிந்தது' போட்டுடுங்க உத்திராபதி. ஒன்னே முக்காலுக்கு எறங்கி வந்து சொல்லிட்டான். அப்புறம் அவனாத்தான் மறுபடி ஏறியிருக்கான்."

"தர்மன் கையெழுத்து வேணுமே சார்?"

"அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாராம். இது என் கையெழுத்து இல்லை என்று போட்டுக் காட்ட அவனுக்குக் கை இல்லை என்கிற தைரியம். ஒரு மனிதனின் கையைப் பறித்துவிட்டு, அந்தக் கையால் போட வேண்டிய கையெழுத்தையும் தானே போட்டுக்கொள்ள ஓர் ஆள் எப்படித்தான் கூசாமல் துணிகிறான் என்று உத்திராபதி அவர் முகத்தையே பார்த்தான். பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

காலையில் கேட்டருகே தர்மனின் பெண்சாதி பெரியம்மாள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவளை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. யாரிடமும் சொல்லாமல் உன் புருஷன் தானாக ஏறிவிட்டான், ஆலை ஒன்றும் செய்ய முடியாது என்று அதற்குள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் அழவில்லை. "சொல்லாம ஏறுற ஆளாண்ணே அது? நீங்க எழுதி வெச்சிருப்பீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

அவன் பேனாவைத் தொடாததைச் செல்லப்பன் சார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"சுவிட்ச் ரூமத் தெறந்து போட்டுட்டு வெளிய போனது யாரு? அது வெளிய வந்தா உங்க வேல என்னாவும்னு யோசிச்சுப் பாருங்க."

சுருக்கென்று தைத்தது. போனது தப்புதான். பூட்டாமல் போனதும் தப்பு. வேலை போனால் பெரம்பலூரில் மாமனாரின் சைக்கிள் கடையில் போய்ப் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். ஆனால் அவனுடைய தப்புக்கும் சேர்த்துத் தர்மனா பழி சுமப்பது? கோபத்தில் காது மடல் சுட்டது.

"எழுதறேன் சார்," என்று பேனாவை எடுத்தான்.

செல்லப்பன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உத்திராபதி 214-க்கு எதிரே கையைக் கொண்டுபோகவில்லை. அதற்குக் கீழே, காலியாக இருந்த வரிசையில் 215 என்று போட்டான். மணி: காலை 10.50. பிறகு நிதானமாக, வழக்கமான குண்டு எழுத்தில் எழுதினான்.

'செய்யப் போவது: நேற்று 1.45-க்கு 214 முடிந்தது என்று இன்று எழுதுதல். தர்மன் கையெழுத்தை வேறொருவர் போடுதல். நேற்று 1.50-க்கு நான் அறையைப் பூட்டாமல் வெளியே போனேன். அதன்பின் கைப்பிடிகளை ஏற்றியவர் எழுதவில்லை. சொன்னவர்: உதவி இன்ஜினீயர் செல்லப்பன்.'

எழுதியதைப் படிக்க வசதியாகப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"காரணம்னு ஒரு கட்டம் பாக்கி இருக்கு சார். என்னன்னு எழுதட்டும்?"

வெளியே கேட் திறக்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஜீப் உறுமுகிற சத்தமும் கேட்டன. செல்லப்பன் சாரின் வலது கை வேகமாகப் பக்கத்தை நோக்கி வந்து, எழுத்துக்கு மேலே அப்படியே நின்றது. மை இன்னும் காயவில்லை.