முதுகு தெரியும் வரிசை

சோதனைக்கான இணைப்பு மின்னஞ்சலில் வந்து நான்கு நாளாகியும் டொலறஸ் அதைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை பின்னேரம், வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மகளின் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, நீயே அதைச் செய்து விடு. எனக்கு ஏலாது."

ஜெஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலில் பாரம் விழாதபடி சரிந்து நின்றார்.

விமான நிலையத்தில் சென்ட் விற்கும் கடையொன்றில் டொலறஸ் பதினொரு வருடமாக நிற்கிறார். வேலை செய்கிறார் என்பதைவிட நிற்கிறார் என்பதுதான் பொருத்தம். சென்ற வருடம் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், நிற்பதைக் குறைக்கச் சொன்னார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கடையில் ஷிப்ட் சூப்பர்வைசருக்கு மட்டும் பின்னறையில் ஒரு மேசையும் கதிரையும் உண்டு. பாதி நேரம் அங்கே இருந்து ஸ்டொக் பார்க்கலாம். அந்த இடம் இப்போது காலியாகியிருந்தது.

முன்பென்றால் மனேஜர் கூப்பிட்டுப் பேசிவிட்டு முடிவு சொல்லுவார். இம்முறை எல்லோருக்கும் ஒரு சோதனை. வீட்டில் இருந்தே செய்யலாம். இருபது கேள்வி, இருபத்தைந்து நிமிடம். கணக்கும் ஆங்கிலமும் டொலறஸுக்குப் பயமில்லை. ஆனால் ஆறு கேள்விகள் யார் எந்தக் கதிரையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வகை. மாதிரித் தாள்களில் அவர் அதில்தான் விழுந்துகொண்டிருந்தார். தவறினால் ஒரு வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

"ஓம்," என்றாள் ஜெஸ்ரின். அவளுக்கு அந்தச் சொல்தான் எப்போதும் முதலில் வரும்.

அம்மா ஒரு நிமிடம் நின்று, தரையைப் பார்த்தபடி போனார்.

குசினியில் அப்பாவின் குரல் கேட்டது. செபமாலைமுத்துவுக்கு விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் வேலை. எதையும் பெரிதாக எடுக்கமாட்டார்.

"இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்? உன்னோட வேலை செய்த மரியநாயகிக்கு அவவின்ர மோன்தானே செய்து குடுத்தவன். அவ இப்ப மற்ற ரேர்மினலில சூப்பர்வைசர். ஆர் வந்து பாத்தது?"

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

"எனக்கென்ன. நீ பாஸாகினாலும் இல்லாட்டியும் இந்த வீட்டில நீதான் சூப்பர்வைசர்."

ஜெஸ்ரினுக்கு இந்தக் கேள்விகள் பழக்கம். இரசாயனவியல் படித்து முடித்த வருடம் வேலைக்காக ஒன்பது சோதனை எழுதினாள். ஒன்பதிலும் தேறினாள். பிறகு மூன்று பேர் முன்னால் இருத்தி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். அவள் பெயரையும் படிப்பையும் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே போத்தல்களோடுதான் பேச்சு. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செய்வதென்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மேசையைத் துடைக்கும்போது அம்மாவின் மாதிரித் தாள்கள் கையில் பட்டன. இனித் தேவையில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஜெஸ்ரின் எறிவதற்காகத்தான் எடுத்தாள். மேல்தாளில் ஒரு பிழை கண்ணில் பட்டது. பிறகு இன்னொன்று. கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

எல்லாம் ஒரே அமைப்பு. இரண்டு வரிசை எதிரெதிரே, வரிசைக்கு நால்வர். மேல் வரிசையில் இருப்பவர்கள் தெற்கே, அதாவது தாளில் கீழ்நோக்கி, எழுதுகிறவரைப் பார்க்கிறார்கள். கீழ் வரிசையில் இருப்பவர்கள் வடக்கே பார்க்கிறார்கள். அவர்களுடைய முதுகுதான் எழுதுகிறவருக்குத் தெரியும். ரூத்தின் இடப்பக்கம் கிளைவ், பென்னின் இடப்பக்கம் ஹெலன், கிளைவுக்கு எதிரே யார் என்று கேள்வி போகும்.

பதினெட்டுக் கேள்வியில் ஏழு சரி. அந்த ஏழுக்கும் பச்சைப் பேனையால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். ஏழும் மேல் வரிசையை மட்டும் கேட்டவை. பிழைத்த பதினொன்றிலும் கீழ் வரிசை வந்தது. கீழ் வரிசையில் 'இடப்பக்கம்' என்று வந்த இடமெல்லாம் தாளிலும் இடப்பக்கம் வரவேண்டிய பெயரை அம்மா வலப்பக்கத்தில் எழுதியிருந்தார். ஒரு இடத்தில்கூடத் தவறிச் சரியாக எழுதவில்லை.

ஜெஸ்ரின் பேனையை மூடினாள். விளங்காமல் குத்துமதிப்பாக எழுதுகிறவருக்கு இப்படி வராது. பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் அங்கும் இங்கும் சிதறியிருக்கும். ஆய்வுகூடத்தில் ஒரு கருவி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கூட்டிக் காட்டினால் அதை யாரும் எறிவதில்லை. அது எதை வைத்து அளக்கிறது என்று தேடுவார்கள்.

அம்மா எதை வைத்து அளக்கிறார்?

சனிக்கிழமை மத்தியானம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஜெஸ்ரின் போய் முன்னால் நின்றாள்.

"அம்மா, நான் உங்கட கடைக்கு வந்த பயணி எண்டு வையுங்கோ. லிப்ஸ்டிக் எங்க இருக்கு?"

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்கோவன்."

டொலறஸ் கையைத் துடைத்தார். முதுகு நிமிர்ந்தது, முகத்தில் கடைச் சிரிப்பு வந்தது. "ஓன் யுவர் லெஃப்ட், மை லவ்," என்று சொல்லித் தன் வலக்கையை நீட்டினார்.

"அது உங்கட வலக்கை."

"ஓம். உனக்கு இடப்பக்கம்தானே? வாற ஆளின்ர பக்கத்தைத்தான் சொல்லவேணும். முதல் கிழமையே அதைத்தான் பழக்கினவை. என்ர பக்கத்தைச் சொன்னால் சனம் மற்றப் பக்கம் போய் பிளேனை விட்டிடும்."

ஜெஸ்ரின் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "இப்ப?"

"ஓன் யுவர் லெஃப்ட்."

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வலக்கை முன்பு நீட்டிய அதே பக்கம் நீண்டிருந்தது.

"இப்ப நான் உங்களைப் பாக்கேல்லை அம்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் பாக்கிறம். அது இப்ப எனக்கும் வலப்பக்கம்."

டொலறஸ் தன் கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "முதுகைக் காட்டிக்கொண்டு ஆரடி சென்ட் வாங்க வருவினம்?"

ஜெஸ்ரின் தாள்களைக் கொண்டுவந்து பச்சைப் புள்ளிகளைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப இந்த நாலு பேரும் என்னைப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"நான் எல்லாரும் என்னைப் பாக்கினம் எண்டுதான் நினைச்சுச் செய்தனான்." கொஞ்சம் யோசித்தார். "பொறு. நான் அங்கால வாறன்."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாகச் சுற்றி மறுபக்கம் போனார். அங்கே நின்று தாளைப் பார்த்தார். தலைகீழாகத் தெரிந்த கீழ் வரிசை இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பென்னுக்கு இடப்பக்கம் ஹெலனை எழுதினார். சரியான இடம். மூன்று பெயரை எழுதிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் நடந்து வந்தார். முழங்கால் நோவில் முகம் சுருங்கியது.

"நீங்கள் நடக்கத் தேவையில்லை," என்றாள் ஜெஸ்ரின். "இருங்கோ." தாளைப் பிடித்து மேல் கீழாகத் திருப்பி அம்மாவின் முன்னால் வைத்தாள்.

அன்று பின்னேரம் வரை ஒன்பது செய்தார்கள். எட்டு சரி. விளக்கைப் போட்டபிறகு ஜெஸ்ரின் சொன்னாள். சொல்வதற்கு முன் மனத்தில் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அம்மா, நாளைக்கு நீங்களே செய்யுங்கோ."

"நீ செய்யிறன் எண்டு சொன்னனியெல்லோ?"

"சொன்னனான்."

"பிழைச்சால் ஒரு வருசம், பிள்ளை. இந்தக் காலோட ஒரு வருசம்."

"தெரியும்."

டொலறஸ் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். "அப்ப நீ பக்கத்தில இரு," என்றார் கடைசியில். "ஏலாத இடத்தில நீ சொல்லித் தரவேணும். அதுக்கும் மாட்டன் எண்டு சொல்லாதை."

ஜெஸ்ரின் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன உடுப்போடேயே அம்மா மடிக்கணினிக்கு முன்னால் இருந்தார். ஜெஸ்ரின் மேசைக்கு மறுபக்கம் இருந்தாள். அங்கிருந்து அவளுக்குக் கணினியின் மூடி மட்டும்தான் தெரிந்தது. அப்பா அடுப்படியில் இறால் பொரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெட்டி வந்தது. அம்மா ஆங்கிலத்தை மெதுவாக வாசித்தார். பதில்கள் முழுவதும் என்னுடையவை, வேறு யாருடைய உதவியும் இல்லை என்று உறுதி சொல்லிக் குறியிட வேண்டும். அம்மா மகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறியிட்டார்.

கணக்குகள் போயின. ஆங்கிலம் போயிற்று. கதிரைக் கேள்விகள் வந்ததும் டொலறஸ் தாளில் கோடு போட்டார், எழுதினார், திருப்பினார், எழுதினார். உதடு அசைந்துகொண்டிருந்தது. "ஹரியட், நீ என்னைப் பாரம்மா. ஆ, அப்ப உனக்கு வலப்பக்கம் இவர்." நான்கு கேள்வி அப்படியே போயின.

ஐந்தாவதில் பேனை நின்றது.

"இது வட்ட மேசை." அம்மாவின் குரல் மாறியது. "எட்டுப் பேர். நாலு பேர் உள்ளுக்குப் பாக்கினம், நாலு பேர் வெளியால பாக்கினம். பிள்ளை, இது நாங்கள் செய்யேல்லை."

தாளை ஒரு தரம் திருப்பினார். இன்னும் ஒரு தரம். வட்டத்தை எப்படித் திருப்பினாலும் யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம்தான் கிடக்கு. இதைப் பாத்துச் சொல்லு." அம்மா கணினியின் இரண்டு பக்கமும் பிடித்து மகள் பக்கம் திருப்பத் தொடங்கினார்.

ஜெஸ்ரினுக்குத் தன்னைத் தெரியும். கேள்வி கண்ணில் பட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். வந்த பதிலை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் வைத்திருக்க அவளால் முடியாது. திரை திரும்பி முடிவதற்குள் எழுந்துவிட்டாள்.

"எங்க போறாய்?" என்றார் அப்பா, கரண்டியும் கையுமாக. "சொல்லிப்போட்டுப் போவன்!"

பின்கதவைத் திறந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மழை விட்டு அதிகநேரம் ஆகவில்லை. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். கூரைக்கு மேலால் ஒரு விமானம் சக்கரங்களை இறக்கிக்கொண்டு போயிற்று, பிறகு இன்னொன்று. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. அம்மா தோற்றால் ஒரு வருடம். ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம் வீதம் ஒரு வருடம் நிற்கவேண்டும். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாதவள் நான் என்பது அம்மாவுக்கு ஒவ்வொரு பின்னேரமும் சப்பாத்தைக் கழற்றும்போது நினைவுக்கு வரும். அவளுக்குக் குளிரத் தொடங்கியது. இருந்தும் நேரம் முடியும்வரை உள்ளே போகவில்லை.

போனபோது கணினி மூடியிருந்தது. அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"எப்பிடி அம்மா?"

"ஓடிப்போன ஆக்களுக்கு ஏன் அந்தக் கதை?"

அன்று இறால் பொரியலில் யாருக்கும் ருசி தெரியவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மா தேவையான பேச்சு மட்டும்தான் பேசினார். தேநீர் வேணுமோ. கதவைப் பூட்டினனியோ. ஜெஸ்ரினும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிப் பார்த்தாள். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை அவள் வேலையால் வரும்போது அம்மா குசினி மேசையில் இருந்தார். முன்னால் கைபேசி. அதைப் பேசாமல் மகள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஜெஸ்ரின் நின்றபடியே வாசித்தாள். தேறியிருந்தார். நேர்முகம் அடுத்த கிழமை. கீழே ஒரு சிறிய அட்டவணை, பகுதி பகுதியாகப் புள்ளி. இருக்கை ஒழுங்கு என்ற பகுதியில் ஆறுக்கு ஐந்து.

"அம்மா!"

"ஆறில அஞ்சு," என்றார் டொலறஸ். குரலில் மகிழ்ச்சியைவிட ஒரு குறைதான் கூடத் தெரிந்தது. "அந்தப் பிழைச்ச ஒண்டு எது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கேள்வியைப் பாக்கேல்லையே."

"ஓம். நீ வெளியாலயெல்லோ நிண்டனீ." அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரியான கோவம் எனக்கு. கோவத்தில பேனையைக் கூட எறிஞ்சனான், கொப்பாவைக் கேள். பிறகு என்ன செய்யிறது, எடுத்துச் செய்தன்."

"நேர்முகத்துக்குச் சாறியோ, கோட்டோ?" என்று அப்பா கூடத்திலிருந்து கேட்டார். "எனக்கெண்டால் சாறிதான் வடிவு."

டொலறஸுக்கு அது காதில் விழவில்லை. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். வட்டம் ஒன்று, சுற்றிலும் எட்டுப் பெயர், பல இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தது.

"வட்டம்தான் பிழைச்சிருக்கவேணும். மற்றதெல்லாம் எனக்கு நிச்சயம். கேள்வி இப்பவும் எனக்கு மனப்பாடம். கேள்: ஹரியட் வெளியால பாக்கிறா. அவவுக்கு இடப்பக்கம் ரெண்டாவது ஆள் கிளைவ். கிளைவ் உள்ளுக்குப் பாக்கிறார்..."

ஜெஸ்ரின் கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவள் மனத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்கைகளில் போய் அமர்ந்தன. ஆறாவது பெயர் வந்தபோது விடை தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

டொலறஸ் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாதை," என்றார். "பொறு."