நடமாடுகிறவன் பெண்டாட்டி

லாரி வெள்ளிக்கிழமை காலையில் வரும், அதுதான் கடைசி நடை, அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்று மலையாண்டி சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவரவர் மூட்டை கட்டியாயிற்று. என் மருமகள் அன்னக்கிளி மட்டும் குடிக்கக் கொடுத்த சொட்டுத் தண்ணீரில் முகம் கழுவி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, மாடிச் சன்னலில் போய் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் ஏழு மாதம்.

"நான் வரல அயித்த. அவுகளை விட்டுட்டு நான் எங்குட்டும் வரல."

அவுக என்று அவள் சொன்னது என் மகன் பூமிநாதனை. அவன் செத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கீழே தெருவில் நடந்துகொண்டிருந்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் கீழச்சிவல்பட்டியில் நடந்தது இது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், நான் ஒன்றும் காலைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. காய்ச்சல் வரும், ஆள் போய்விடும், பாடைக்கு மூங்கில் வெட்டுவதற்குள் எழுந்துவிடும். பிறகு சோறு தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது, நடை மட்டும்தான். கிட்டே போனால் கடி. கடிபட்டவருக்கும் அதே கதி. தேவகோட்டைப் பக்கமிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். தேவகோட்டைக்காரர்கள் எங்களைச் சொல்லியிருப்பார்கள். எழுந்து நடந்தவர்களை நாங்கள் 'எந்திரிச்சவுக' என்றுதான் சொன்னோம். நேற்றுவரை மாமனும் மச்சானுமாக இருந்தவர்களை அது இது என்று எப்படிச் சொல்வது? கடிக்க வந்தாலும் மரியாதை மரியாதைதான்.

நான் ராக்காயி. புருஷன் போன பிறகு ஒரு செட்டிநாட்டு ஆச்சி வீட்டுக்குச் சமையலுக்கு வந்தவள். ஆச்சி குடும்பம் மதராசுக்குக் குடிபோனதும் வீட்டுச் சாவி என் இடுப்புக்கு வந்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. தேக்குக் கதவு, சன்னலுக்குச் சன்னல் இரும்புக் கம்பி. ஊர் கெட்டதும், தெருவில் மிச்சமிருந்தவர்களை உள்ளே விட்டுப் பூட்டினேன். தச்சு வேலை பார்க்கும் அரசப்பனும் அவர் பெண்டாட்டி பிச்சையம்மாளும் அதில் உண்டு.

நெல் இருந்தது, புளி இருந்தது, தண்ணீர்தான் இல்லை. தோட்டத்துக் கிணற்றில் எந்திரிச்சவர் ஒருவர் விழுந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை எவன் குடிப்பான்? அண்டாக்களில் பிடித்து வைத்திருந்த பழைய மழைத்தண்ணீரை ஆளுக்கு ஒரு லோட்டா என்று அளந்து கொடுத்தேன். அதுவும் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. இருந்தால் தாகத்தில் சாவு, கிளம்பினால் வழியில் சாவு என்று ஆண்கள் நாள் கணக்கில் வாதாடினார்கள். மலையாண்டி கரி லாரி ஓட்டுகிறவன். தொண்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அவன் வந்து சொன்னதும் வாதம் முடிந்தது. அன்னக்கிளிக்கு மட்டும் முடியவில்லை.

அவள் என் அண்ணன் மகள்தான். வேண்டி விரும்பிக் கேட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் உப்பு என்றால் அவள் புளி என்பாள். இருவருக்கும் நடுவில் அந்தப் பயல் மாட்டிக்கொண்டு முழிப்பான்.

பூமிநாதன் பஸ் கண்டக்டர். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போய்வருகிற பஸ். பஸ் ஓடிய கடைசி நாளில் ஒரு கிழவியைக் கைகொடுத்து ஏற்றியிருக்கிறான். ஏறியவள் அவன் முழங்கையில் பல்லைப் பதித்துவிட்டாள். காக்கிச் சட்டையோடு நேரே வீட்டுக்கு வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை. முகப்பில் இருந்த கம்பிக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"ஆத்தா, உள்பக்கம் பூட்டிக்க. நான் என்ன கத்துனாலும் திறக்காத."

பூட்டினேன். பெற்ற மகன் முகத்துக்கு நேரே பூட்டினேன். அவன் கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அன்னக்கிளி கம்பி வழியாக அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் தலை சாய்ந்தது. ஐயோ என்று வாயைத் திறந்தேன். அழுகை வெளியே வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டான். இவளைப் பிடித்து உள்ளே இழுக்கத்தான் எனக்கு நேரம் இருந்தது.

அதிலிருந்து நடைதான். மற்றவர்கள் கால் போன போக்கில் போவார்கள். இவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பான். கையை நீட்டுவான். கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான்.

"பாருங்க அயித்த, டிக்கெட் கேக்குறாக," என்றாள் அன்னக்கிளி. "செத்தவுகளுக்கு வேலை ஞாபகம் இருக்குமா?"

"பழகுன பாதையில மாடுகூடத்தான் தானாப் போகும். போடி, போயி வேலையப் பாரு," என்றேன். சொல்லிவிட்டு நானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை அவளை மாடியிலிருந்து இறக்கிவிட எல்லோரும் முயன்று பார்த்தார்கள். பிச்சையம்மாள் கெஞ்சினாள், கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் மேலே ஏறினேன்.

"ஏண்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? வயித்துல கெடக்குறதுக்குத் தண்ணி வேணாமா?"

"தாலி கட்டுனவுக கண்ணு முன்னாடி நடமாடுறாக. நான் லாரி ஏறிப் போனா, உசிரோட இருக்குற புருசனைத் தெருவுல விட்டுட்டு ஓடிட்டான்னு ஊரு சொல்லாதா?"

"ஊரே இல்ல, எவடி சொல்லப் போறா? அவன் செத்துட்டான்."

"செத்துட்டாகளா? அப்ப எங்க அயித்த கொள்ளி? எங்க கருமாதி? பெத்தவ நீங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீகளா? உங்களுக்கே மனசு நம்பல. என்னை மட்டும் தாலியறுத்துட்டு வாடிங்கிறீக."

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். அப்படித்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது நிஜம். எரிக்கவில்லை, புதைக்கவில்லை, கண் முன்னால் கைவீசி நடக்கிறான். இவனை என்னவென்று அழுவது?

கீழே அரசப்பன் காத்துக்கொண்டிருந்தார். மரம் செதுக்கும் வாய்ச்சியைத் துணியில் சுற்றிப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

"அக்கா, நீங்க உள்ள போயிருங்க. நான் ஒரே போடுல முடிச்சுர்றேன். புள்ளைக்கும் மனசு தெளிஞ்சுரும்."

"என் மகன் கழுத்துக்கா ஓங்குறீரு? ஓங்கிப் பாரும், அப்புறம் இந்த ராக்காயி யாருன்னு தெரியும்!"

மனுஷன் வாய்ச்சியைக் கீழே போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. வேறு யார் செய்வது? அவனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் இன்னும் வயிற்றில் இருக்கிறான். பங்காளிகள் அத்தனை பேரும் தெருவில் அவனோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பவும் மாடி ஏறினேன். "கொள்ளி வச்சுட்டா வருவியாடி?"

"யாரு வைக்கிறது?"

"நான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களால ஆகாது அயித்த. அவுக மேல ஒரு தூசி பட்டாப் பொறுக்க மாட்டீக நீங்க."

வெள்ளிக்கிழமை காலையில் பின்தெருவில் லாரிச் சத்தம் கேட்டது. எல்லோரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். நான் முன்வாசலுக்குப் போனேன். ஒரு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம், மறு கையில் மண்ணெண்ணெய் டின். துணி சுற்றிய கட்டையைப் பற்றவைத்துக்கொண்டு அரசப்பன் பின்னால் வந்தார். செத்தவர் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டித்தானே அனுப்புகிறோம்? முறை என்று ஒன்று இருக்கிறதே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அது இல்லாமல் போக வேண்டும்?

கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். "பூமி, இங்குட்டு வாய்யா. ஆத்தா எண்ணெ வச்சுவிடுறேன்."

நடுத்தெருவில் நின்றவன் திரும்பினான். சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள், ஆனால் அவன்தான் முதலில் வந்தான். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன். கன்னம் வற்றி, உதடு கறுத்து, ஈ மொய்த்துப்போய் நின்றான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றினேன். "அக்கா, கை! கையை எடுங்க!" என்று அரசப்பன் கத்தினார்.

அவன் கடிக்கவில்லை. தலையைக் குனிந்தான்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அப்படித்தான் குனிவான். பெண்டாட்டி வந்த பிறகும் எண்ணெய் நான்தான் தேய்ப்பேன் என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருந்த உரிமை அது. கண்ணில் எண்ணெய் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பயம். மோவாய் நெஞ்சில் ஒட்டுகிற மாதிரி குனிந்துகொள்வான். இப்போதும் அப்படியே குனிந்து நின்றான். தேய்த்தேன். என் உள்ளங்கைக்குள் அவன் தலை இருந்தது. சூடு இல்லை. சூடு மட்டும்தான் இல்லை.

மாடியிலிருந்து அன்னக்கிளி அலறினாள். "அயித்த! அவுகளுக்குத் தெரியுது! உங்க கை தெரியுது அவுகளுக்கு! வச்சுராதீக அயித்த, வச்சுராதீக!"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கதவைத் திறந்து அவனை மடியில் போட்டுக்கொள்ளலாம், எல்லோருமாக உள்ளேயே கிடந்து சாகலாம், அதுதான் சரி என்று தோன்றிவிட்டது. பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும்? ஆனால் மேலே அவள் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டையில் உயிர் இருந்தது. என் கையில் இருந்த தலையில் உயிர் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அவளிடம் இருந்தது நிச்சயம். அவள் வயிற்றிலும் இருந்தது.

டின்னை அவன் மேல் கவிழ்த்தேன்.

சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கையால் வைப்பான். வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவான். பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். சுடுகாடே வாசலுக்கு வந்த பிறகு எந்தச் சாத்திரத்தைப் பார்ப்பது? எனக்குக் கொள்ளி வைக்க ஒருவன் வேண்டுமென்று கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்றேன் அவனை. அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அரசப்பன் கொடுத்த கட்டையைக் கம்பி வழியே பின்னால் நீட்டினேன். குப்பென்று முதுகில் அனல் அடித்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்தெருவில் மலையாண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். வேறு சத்தம் இருந்திருந்தாலும் என் காதில் விழவில்லை.

வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தைத் தாண்டும்போது அன்னக்கிளி படியிறங்கி வந்தாள். நெற்றியில் குங்குமம் அழிந்திருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. தாலியைக் கைக்குள் வைத்து மூடியிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அரசப்பனும் மலையாண்டியும் அவளைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். எந்திரிச்சவுக எல்லோரும் முன்வாசல் நெருப்பைப் பார்க்கப் போயிருந்ததால் பின்தெருவில் ஒருவரும் இல்லை.

லாரி மானகிரியைத் தாண்டியது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரே கேள்வி குடைந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேலேயிருந்து முழுக்கப் பார்த்தவள். கடைசியில் அவன் என்ன செய்தான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை.

"அன்னம், என்னாத்தா பண்ணான் அவன்?"

கரிமூட்டைமேல் சாய்ந்திருந்தவள் கண்ணை மூடினாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாத கை.

"ஒண்ணும் பண்ணல அயித்த. அது அவுக இல்ல."

"தலையைக் குனிஞ்சானேடி. நீதானே கத்துன, அவனுக்குத் தெரியுதுன்னு."

"செத்ததுக்குக் கழுத்து நிக்குமா அயித்த? அது சாஞ்சிருக்கு. நான்தான் புத்தி பேதலிச்சுக் கத்திட்டேன். நான் மேலேருந்து நல்லாப் பாத்தேன். அது அவுக இல்ல."

இவளுக்குப் பொய் சொல்ல வராது. மாமியாரிடம் ஒரு பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி நடந்தே இருக்காது. சொல்லும்போது உதடு அப்படி நடுங்கியது. அந்த உதட்டைப் பார்த்ததுமே அவன் என்ன செய்தான் என்று கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் இருக்கிறான், இருக்கிறான் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்துக்கிடந்தவள், எனக்காக அவனைத் தன் வாயாலேயே சாகடித்துவிட்டாள்.

"ஆமாத்தா," என்றேன். "அது அவன் இல்ல."

பிறகு நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.