பதினோரு நிமிடம்

...ஆராதனை முடிந்து பதினோரு நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் விசில்காரருக்குப் பொறுக்காது, இருநூறு மடக்கு நாற்காலி, ஆர்மோனியம், பிரசங்க மேசை எல்லாம் வேனில் ஏறியாக வேண்டும், ரயிலில் கார்டாக இருந்த மனிதர், கொடி காட்டிய கை சும்மா இருக்குமா, சபைக்கு மூப்பரான பிறகும் விசில் சட்டைப்பையிலேயே கிடந்தது. பத்தொன்பது வருஷமும் வாடகை இடம்தானே, குடோன், மூடிப்போன தியேட்டர், தட்டச்சுப் பள்ளி... ஒரு ஞாயிறு வேகத்தில் போதகரையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள், அவர் கடைசி ஆமென் சொன்னபோது வேன் இரண்டாவது சிக்னலைத் தாண்டியிருந்தது, சபை அதற்கும் ஆமென் சொன்னது. அப்படி இடம் மாறி மாறித்தானே தெருவுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்து ஒட்டிக்கொண்டார்கள்? இப்போது சொந்தக் கட்டடம், எட்டடித் தேக்கு பெஞ்சுகள், போல்ட்டு டப்பா மூப்பர் மடியில், தச்சர் ஒவ்வொரு பெஞ்சாகத் தரையோடு முடுக்கிக்கொண்டு வருகிறார், பத்தொன்பது முடிந்தது, பாக்கி அவர் உட்கார்ந்திருக்கும் முன்வரிசை ஒன்றுதான். முடுக்கிவிட்டால் அப்புறம் யார் வெளியே போவது?

எல்லாம் போன ஞாயிற்றின் வேலை. புதுக் கட்டடத்தில் முதல் ஆராதனை, ஆசீர்வாதம் முடிந்ததும் கை தானாகப் பைக்குள் போனது, விசில் தானாக வாய்க்கு வந்தது, ஊதியும் விட்டது, அவ்வளவுதான், சபை முழுக்க எழுந்து பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது, ஒன்பதே நிமிடம், தேக்கு பெஞ்சில் ஒன்பது! வேனைத்தான் காணோம். என்ன செய்வது, நடைபாதையில் இறக்கிவைத்தார்கள், பஸ்ஸுக்கு நின்றிருந்த பதினான்கு பேர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள், “இங்க என்னங்க விசேஷம்?” என்று ஒரு அம்மா கேட்டாள், போதகர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று, மூன்று பஸ் காலியாகப் போனது. கை மறக்கவில்லை இவர்களுக்கு, எங்கே மறக்கும், அவர் பழக்கிய கையல்லவா... ஆனால் போதகர் மறுநாளே, “அண்ணே, நாம இனிமே ஒரு இடத்துல உக்காரணும், பெஞ்ச முடுக்கிருங்க” என்றார், மேற்பார்வையையும் இவர் தலையிலேயே கட்டினார்.

“ஐயா, நாலு போல்ட்டு குறையுதே?” தச்சர் டப்பாவை வாங்கிக் குலுக்கினார்.

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“போல்ட்டயா?”

“எங்க எலிக்குப் பல்லு நல்லா இருக்கும்.”

“உங்க பையில ஏதோ கிலுகிலுங்குது.”

“அது விசிலு.”

மண்டிபோட்டிருந்த தச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். “சரி, அந்த ஒண்ணு ஆடிட்டே இருக்கட்டும். நேரா நகர்த்தியாச்சும் வச்சுட்டுப் போறேன், எந்திரிங்க.”

எழ வேண்டியதுதான்... ஆனால் அன்றைக்கும் இதே பெஞ்சில் உட்கார்ந்துதானே ஊதினார், விசில் வாயிலேயே இருந்தது, முகத்தில் வெயில் பட்டது, வாசல்படி வந்தது, தெரு வந்தது, நம் பிள்ளைகள் என்னமாய்த் தூக்குகிறார்கள் என்று நெஞ்சு நிறையப் பார்த்துக்கொண்டே வந்தாரே, இந்த முன்வரிசை பெஞ்சை மட்டும் ஏன் எட்டுப் பேர் மூச்சு வாங்கத் தூக்கினார்கள், வாசல்படியை இவர் எந்தக் காலால் இறங்கினார், வலதா, இடதா...

“ஐயா, எந்திரிங்கய்யா.”