இல்லாத தேதியின் பதிவு

ஈரப் பஞ்சால் தந்தையின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கைசா. அவர் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

"விடுங்கப்பா. அது சாப்பிடறதுக்கு இல்ல."

ரெய்னோ விட்டார். கண் திறவாமலே கேட்டார்: "அளந்தியா?"

"இன்னும் இல்ல."

"எட்டு ஆகப்போகுது."

எட்டாக நான்கு நிமிடம் இருந்தது. கண்ணை மூடிக் கிடப்பவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் மாவட்டத்தின் பனி அகற்றும் வண்டியை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் கொல்லையில் அங்குலம் குறித்த மரக்குச்சி ஒன்றை நட்டு, நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அதன்முன் நின்று பனியின் உயரத்தை அளந்தார். பனிக்காலத்தை முன்பனி என்றும் பின்பனி என்றும் இரண்டாகப் பகுத்ததோடு நின்றனர் முன்னோர். சுப்பீரியர் ஏரிக்கரையின் இந்த ஊரைக் கண்டிருந்தால் எட்டாகவேனும் பகுத்திருப்பார்கள். எட்டையும் ரெய்னோ அறிவார்.

கட்டில் முன்னறைக்கு வந்து ஒன்பது நாளாயிற்று. நேற்று வந்த செவிலி டெனிஸ், அவர் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ராத்திரி தாண்டினா நாளைக்கு. தம்பிய தூரமாப் போக வேணாம்னு சொல்லுங்க."

அவள் போன பிறகுதான் ரெய்னோ அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கைசா, உன்னத் தவிர வேற யாராவது என் பிளாக்கப் படிச்சிருப்பாங்களா?"

"படிச்சிருப்பாங்கப்பா."

"சர்ச்ல எல்லாரும் 'பாத்தேன் ரெய்னோ, நல்லா இருக்கு'ங்கறாங்க. ஆனா ஒருத்தரும் ஒரு தப்பும் சொல்லல." மூச்சு வாங்கினார். "நம்மூர்க்காரங்க படிச்சிட்டுத் தப்பு சொல்லாம இருப்பாங்களா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

இப்போது மேலங்கியை மாட்டிக்கொண்டு கொல்லைக்குச் சென்றாள். முழங்கால் வரை புதைந்து நடந்து குச்சியை அடைந்தாள். முப்பத்தொன்று. திரும்பி வந்து, அடுக்களை மேசையில் இருந்த அவருடைய கணினியைத் திறந்தாள். நான்கு நாளாக அவர் விரல்களால் எழுத இயலவில்லை. அவர் சொற்படி தம்பி ஈரோ குச்சியைப் பார்த்து ஒரு தாளில் எண்களைக் குறித்து வைத்திருந்தான். அவற்றையும் இன்றைய எண்ணையும் பதிவேற்றுவதாக அவள் வாக்களித்திருந்தாள்.

திரையில் வலைப்பதிவு திறந்தே இருந்தது. 'ரெய்னோவின் குச்சி' என்ற தலைப்பு. கீழே தொள்ளாயிரத்துச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி: 'பிழை இருந்தால் எழுதவும்.' அதன் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி.

தற்செயலாகவே அவள் கண் மேலே, முகவரிப் பட்டைக்குச் சென்றது. அங்கே ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தது. ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. அந்த முகவரியில் இருப்பதை அந்தக் கணினியின்முன் அமர்ந்தவர் அன்றி, மண்ணுலகில் வேறெவரும் காண முடியாது.

கைசாவின் பிழைப்பே இணையதளம் கட்டுவது. ஆகவே நடந்ததை உணர அவளுக்கு ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

இரண்டரை ஆண்டுக்கு முன், தாயை அடக்கம் செய்த வாரம். இதே மேசையில் அமர்ந்து இதை அவள்தான் நிறுவினாள். முகமறியாத பலர் கூடி எழுதி, வழிப்போக்கர்க்கு அறச்சாலை வைத்தாற்போல் உலகுக்குப் பொதுவில் வைத்த திறந்த மூல மென்பொருள். எழுத்தைக் கொடுத்தால் பக்கங்களாகக் கட்டித் தரும். கட்டியதை இணையத்தின் சர்வருக்கு ஏற்றுவது கடைசிப் படி. அந்தப் படியில் கால் வைக்கும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சுப்பா, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மினியாபொலிசுக்கு வண்டியேறினாள். தளத்தின் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி ஆண்டுதோறும் கடிதம் வந்தது. சரி என்று அழுத்தினாள். அந்தப் பெயரை ஒருமுறையேனும் தட்டிப் பார்த்ததில்லை. தொலைபேசியில் அவர் கேட்டபோதெல்லாம் "படிச்சேம்ப்பா, நல்லா இருக்கு" என்றாள்.

வாசலில் பனியை ஒதுக்கிவிட்டு ஈரோ உள்ளே வந்தான். மீசையில் பனித்துகள்.

"என்னக்கா, பேயப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?"

"ஈரோ, அப்பா பிளாக்க நீ பாத்திருக்கியா?"

"பாத்தேன்னு சொல்லியிருக்கேன்."

"அது இல்ல. பாத்தியா?"

அவன் கையுறையைக் கழற்றி அடுப்பருகே உலர வைத்தான். "என் போன்ல திறக்கல. போன் பழசு, அதான்னு நெனச்சேன். அவர்கிட்டப் போய்த் திறக்கலன்னு சொல்ல முடியுமா? ஆசையா எழுதறாரு."

"யாருக்குமே திறக்காதுடா. நான் ஏத்தவே இல்ல."

"அப்போ சர்ச்சுல அத்தன பேரும்…"

"ஆமா. உன்ன மாதிரிதான்."

"என்ன மாதிரி மட்டுமா?" என்றான் அவன். பிறகு கோப்பையில் காப்பியை ஊற்றி அவள் பக்கம் தள்ளினான். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"எல்லாம் சரியாப் போனா அரை மணி நேரம்."

"அவருக்கு அவ்வளவு நேரம் இருக்கும். போடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

எல்லாம் சரியாகப் போகவில்லை. மறந்த கடவுச்சொல் ஒன்றை மாற்றவேண்டியிருந்தது. சர்வரில் இருந்த மென்பொருள் புதிய பதிப்பு. பழைய பதிப்பு பொறுத்துக்கொண்டதை அது பொறுக்கவில்லை. முந்நூறு பக்கம் கட்டி முடித்ததும் நின்றுகொண்டு, ஒரு கோப்பைச் சுட்டி, இப்படியொரு தேதி இல்லை என்றது.

2023 பிப்ரவரி 29.

மாதம் முடிந்ததை அறியாமல் அவர் ஒரு நாள் கூடுதலாக எழுதியிருந்தார். அது மார்ச் முதல் நாள். தேதியை மட்டும் மாற்றினால் போதும். கோப்பைத் திறந்தாள். திறந்தால் கண்ணில் படாமலா போகும்?

'குச்சியில் இருபத்தாறு. காற்று வடமேற்கு. மலைச் சாலையில் பனிக்குத் தூவிய உப்பு போதவில்லை. இன்று நுரையீரல் மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, கைசா படிக்கிறாள். மாலை முழுதும் வீட்டில்தான் இருப்பேன். தொலைபேசி பக்கத்திலேயே இருக்கிறது.'

நோய் உண்டென்று அவளுக்குத் தெரிந்தது சென்ற நவம்பரில். அந்த மார்ச் மாத மாலையில் தான் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏதோ ஒரு புதன்கிழமை.

தேதியைத் திருத்தினாள். தாளில் இருந்த எண்களையும் இன்றைய முப்பத்தொன்றையும் சேர்த்தாள். மீண்டும் கட்டச் சொன்னாள். இம்முறை எங்கும் நிற்காமல் அத்தனை பக்கங்களும் ஏறின. தளத்தின் பெயர் உலகெங்கும் பரவச் சில மணி நேரம் ஆகலாம் என்று ஒரு குறிப்பு வந்தது. அதை மூடிவிட்டு முன்னறைக்குச் சென்றாள்.

ஈரோ எழுந்து இடம் கொடுத்தான். மூச்சுகளுக்கிடையே இடைவெளி நீண்டிருந்தது.

"அப்பா."

இமை அசைந்தது.

"நான் இதுவரைக்கும் ஒண்ணும் படிச்சதில்லப்பா. சும்மா சொன்னேன். இப்பத்தான் ஒண்ணு படிச்சேன். பிப்ரவரி இருபத்தொம்பது."

அவர் காதில் விழவில்லை போலும் என்று அவள் எண்ணியபோது உதடுகள் பிரிந்தன.

"எந்த வருஷம்?"

"இருபத்திமூணு."

அவர் கணக்கிட்டார். நெற்றியில் அது தெரிந்தது. "அந்த வருஷம்… இருபத்தொம்பது கிடையாதே."

"கிடையாதுப்பா. மார்ச் ஒண்ணு. திருத்திட்டேன்."

அவர் வாயின் ஓர் ஓரம் மேலே சென்றது. "தப்பு" என்றார், தேடிய பொருள் அகப்பட்டவர்போல. சற்றுப் பொறுத்து, "இன்னைக்கு?"

"முப்பத்தொண்ணு."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரி."

அதன்பின் அவர் பேசவில்லை. நண்பகலில் டெனிஸ் வந்தாள். நாடியைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றாமலே அமர்ந்துகொண்டாள். ரெய்னோவின் தாய் பின்லாந்திலிருந்து கொண்டுவந்த பாட்டுப் புத்தகம் அலமாரியில் இருந்தது. மொழி பின்னிஷ். ஈரோவுக்குப் பொருள் பாதிதான் தெரியும். தெரிந்தவரை படித்தான். அவன் மூன்றாம் பாட்டின் நடுவில் இருக்கையில், இரண்டு மணிக்குச் சற்று முன்பாக, ஒரு மூச்சுக்குப் பின் மறு மூச்சு வரவில்லை. அவன் பாட்டை முடித்துவிட்டே புத்தகத்தை மூடினான். எழுந்து சென்று, தாய் இறந்தபோது தந்தை செய்ததுபோல், உயிர் வெளியேற வழியாகச் சன்னலை இரு விரற்கடை திறந்து வைத்தான்.

செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. போதகரை அழைத்தார்கள். உடலை எடுத்துச் செல்லும் வண்டி வளைந்து வர வாசலை இன்னொரு முறை ஒதுக்கினான் ஈரோ. மாவட்ட வண்டிக் கொட்டடிக்கும் அவனே செய்தி அனுப்பினான். செய்தியின் அடியில், கேளாமலே, வலைப்பதிவின் முகவரியையும் சேர்த்தான்.

"இப்ப திறக்குதுக்கா" என்று அந்தப் பழைய போனைக் காட்டினான். "போன் நல்லாத்தான் இருக்கு."

பொழுது சாயும் வேளையில் தந்தையின் மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெர்ன். கொட்டடியில் ரெய்னோவோடு இருபது ஆண்டு வேலை செய்தவர். கைசா வாய்விட்டுப் படித்தாள்:

"ரெய்னோ எனக்கு ரொம்ப வேண்டியவரு. ஆனா போன வருஷம் ஜனவரி பதிமூணாந்தேதி எழுதினது சரியில்ல. மலைச் சாலைய மூடினது பதினோரு மணிக்கு இல்ல, ஒம்பதரைக்கு. மூடினவனே நாந்தான். அடக்கத்துக்கு வர்றேன். சாண்ட்விச் கொண்டு வரட்டுமா?"

ஈரோ சிரித்தான். சிரிப்பு நின்றதும் பனிக்கட்டி உருகிய பூட்ஸை எடுத்து வேறிடத்தில் வைத்தான்.

"திருத்தப்போறியா?"

"இல்ல. அவர் எழுதினது அப்படியே இருக்கட்டும். வெர்ன் சொன்னத அடியில போடறேன்."

அந்த ஒரு வரியைச் சேர்த்து, தானே ஏற்றி, தன் போனில் திறந்து, வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது.

மறுநாள் காலை எட்டுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் கைசா தந்தையின் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். நேற்று அவள் குச்சிவரை மிதித்த தடங்கள் பாதிக்குமேல் நிரம்பியிருந்தன. அவற்றிலேயே கால் வைத்து நடந்தாள். குச்சியின் ஒரு பக்கம் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்துவிட்டு, எண் தெரியும்வரை குனிந்தாள்.