ஐந்து நிமிட வெந்நீர்

ஏரிக்கரைக் கூடாரத்துக்கு வாடகை, கட்டிலுக்கு வாடகை, போர்வைக்கு வாடகை எல்லாவற்றையும் வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிய பிறகுதான் கவுன்டரில் இருந்த பெண் மெல்லச் சொன்னாள்.

"குளிக்கிறதுக்குத் தனியா டோக்கன் வாங்கணும்க்கா. ஒரு டோக்கனுக்கு அஞ்சு நிமிஷம் வெந்நீர் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, படுக்கக் காசு, குளிக்கக் காசு. மூச்சு விடறதுக்கு எந்த கவுன்டர்ல டோக்கன் வாங்கணும்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் நான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பும் தினுசிலேயே ஆளைப் பிடித்துவிடுவேன். இவளும் ஏதோ ஒரு பக்கம் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தோன்றியது. அங்கேயே அவளுக்கு டோக்கன்காரி என்று பெயர் வைத்தாயிற்று.

என் வீட்டுக்காரர் இடது கையால் சட்டைப்பையைத் துழாவிப் பணத்தை எடுத்து, "எட்டு டோக்கன் கொடும்மா" என்றார்.

எட்டா! வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, மிச்சத்தில் காலையும் கழுவிக்கொள்கிற மனுஷன் இவர். அதுவும் பச்சைத் தண்ணீர்.

அவர் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரூட். அவர் முன்னால், நான் பின்னால். கல்யாணமான புதிதில் அவர் முகத்தைப் பார்த்ததைவிடப் பிடரியைப் பார்த்ததுதான் அதிகம். நான் 'ஹோல்டான்' என்று கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும், இரண்டு தட்டினால் கிளம்பும். ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்துக் கேட்டவரில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முழங்கால் போனது. ஆபீஸில் என்னை வண்டியை விட்டு இறக்கி, டெப்போவில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இன்னும் அதே வண்டிதான் ஓட்டுகிறார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை வருஷாந்திர மெடிக்கல் செக்கப்.

இப்படிப்பட்டவர் திடீரென்று நாலு நாள் லீவு போட்டுவிட்டு, "வா, ஏரிப்பக்கம் போய்க் கூடாரத்துல தங்கிட்டு வருவோம்" என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பெரிய பையை என் தலையில் கட்டிவிட்டுச் சின்னப் பையோடு நடந்தார். கூடாரத்துக் கயிற்றைக்கூட என்னையே இழுத்துக் கட்டச் சொன்னார். சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே கட்டினேன்.

குளிப்பதற்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் இருந்த பைப்பில் வாளி பிடித்து, பல் கிடுகிடுக்கக் குளித்தேன். அதோடு விடவில்லை. மற்றவர்கள் வெந்நீரில் குளிக்கும்போது வெளியே வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளியலறைகள் வரிசையாக ஆறு. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி. டோக்கனைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், அது அணைந்தால் வெந்நீர் நிற்கும். நாலு நிமிஷத்தில் அணைத்துவிடுவாள் பாருங்கள் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிஷம், ஒரு நொடி முன்பின் இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அவள் கையில் கள்ளம் இல்லை என்றதும் என் கண் தானாக வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

காலையில் ஒரு குளியல், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் எட்டு டோக்கனும் காலி. மறுபடி எட்டு வாங்கினார். வாங்கும்போது டோக்கன்காரி, "அண்ணனுக்கு நாலாம் நம்பர்தானே? காலியாத்தான் இருக்கு" என்றாள். அண்ணனாம்! ஆறு அறையில் அது என்ன நாலாம் நம்பர்?

அவர் குளித்துவிட்டு வந்ததும் துண்டைக் காயப்போடுகிற சாக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தலைமுடி காய்ந்திருந்தது. சோப்பு எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சட்டையில் மட்டும் வலது தோளிலிருந்து கை முழுக்க ஈரம். குளித்த மாதிரி காட்டத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருகிறாரா?

"சோப்பு ஏங்க காஞ்சு கிடக்கு?"

"எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

"மூணு வேளையுமா மறந்தீங்க?"

"கண்டக்டரம்மா, டிக்கெட் வாங்கிட்டுத்தானே ஏறினேன்? விடேன்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் அதிகாலை ஷிப்டுக்கு எழுந்து போகும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அவர் வந்து தூங்கும்போது நான் டெப்போவில் இருப்பேன். இந்த மூன்று வருஷத்தில் அவர் பிடரியைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த வண்டியில் யார் யார் ஏறி இறங்கினார்களோ, எனக்கென்ன தெரியும்? இருபத்தைந்து வருஷம் கூட இருந்தவர் என்னிடம் பொய் சொல்கிறார் என்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கூடாரங்களில் கண்ணயர்ந்த நேரம். அவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நூறு எண்ணிவிட்டுப் பின்னாலேயே போனேன். கவுன்டரில் டோக்கன்காரி இல்லை. நாற்காலி காலியாக இருந்தது.

நாலாம் நம்பரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவில் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"பதினொண்ணு... பன்னெண்டு..." அப்புறம் ஒரு முனகல். "அய்யோ, அம்மா."

என்னத்தை எண்ணுகிறார் இந்த மனுஷன்? கோபத்தில் கதவை உடைத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் கை தன் பழக்கத்தை விடவில்லை. விரல் மோதிரத்தால் கதவில் ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

உள்ளே தண்ணீர் உடனே நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. பேன்ட்டோடு நின்றிருந்தார். சட்டையிலிருந்து இடது கை வெளியே வந்திருந்தது. வலது கை சட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்க, தோளெல்லாம் நனைந்து ஆவி பறந்தது.

"பாத்துக்க. உள்ள வேற யாருமில்ல" என்றார்.

எனக்குப் பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. ஆறாம் நம்பரைக் கழுவிக்கொண்டிருந்த டோக்கன்காரி எட்டிப் பார்த்தாள். "அந்த ரூம்ல பைப்பு தாழ இருக்கும்க்கா. தோள்ல நேரா தண்ணி விழும்னு அண்ணன்தான் கேட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்." ஊர்பேர் தெரியாதவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"கையத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினார். நெஞ்சு மட்டத்துக்கு வந்ததும் முகம் கோணியது. அதற்கு மேல் கை வரவில்லை.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

"அஞ்சு மாசமா எப்படி ஓட்டறீங்க?"

"நேரா போறப்ப ஒண்ணும் தெரியாது. வளைவு வந்தாத்தான். இடது கையால சமாளிச்சுடுவேன்."

"ஆஸ்பத்திரி வளைவுலயா?"

"அதுக்கு முன்னாலயே ஸ்லோ பண்ணிடுவேன்."

"குழந்தையத் தூக்கிட்டு ஒருத்தி குறுக்க வந்தா?"

சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை டாக்டர் கையத் தலைக்கு மேல தூக்கச் சொல்வார்" என்றார் மெதுவாக. "ஒரே ஒரு தடவை தூக்கிட்டாப் போதும். வெந்நீர் பலமா விழுந்தா இளகும்னு சொன்னாங்க. நம்ம வீட்டு பைப்புல எங்க வெந்நீர்? எண்ணி எண்ணிக் கையத் தூக்கிப் பாக்கறேன். முதல் நாளைவிட இன்னிக்கு ரெண்டு விரக்கடை கூடத் தூக்கறேன். ரெண்டே வருஷம்மா. ஓட்டி முடிச்சுடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்னை இறக்கினப்ப நீ எப்படி இருந்தேன்னு பாத்தவன் நான். அந்த முதல் மாசமெல்லாம் வீட்டுல காலங்காத்தால யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுக் கட்டில்ல சும்மா உட்கார்ந்திருப்பே. எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

அவர் அதையெல்லாம் பார்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளே ஒருத்தி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். அவள் தலைமுடியைப் பிடித்து ஆய்ந்துவிட்டு, ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, வீட்டுக்குப் போயிருப்பேன். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது?

இரண்டு வருஷம்தானே, பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். அப்புறம் காலை ஏழரை மணி ட்ரிப் கண் முன்னால் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எழுபது பேர். முன்னால் என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. டிரைவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். அவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான்.

கதவில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஹோல்டான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏய், ரெண்டு வருஷம்தான்..."

மறுபடியும் ஒரு தட்டு. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை, அவர் பார்க்கட்டும் என்று விட்டேன்.

"டாக்டர் கேக்கறதுக்கு முன்னால நீங்களே சொல்லிடணும்."

தரையைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். "சொல்லிடறேன்."

பெட்டியில் சிவப்பு விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. அவருக்கு உடம்பு நடுங்கியது. ஈரச் சட்டையின் வலது கையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி, வலிக்காமல் உருவி எடுத்தேன். தோள்பட்டை வீங்கிச் சிவந்திருந்தது. அஞ்சு மாசம்! தடவிக் கொடுத்துவிட்டுக் கவுன்டருக்குப் போனேன்.

"டோக்கன் கொடும்மா."

"எத்தனைக்கா?"

பர்ஸை அப்படியே மேசைமேல் கவிழ்த்தேன். "இதுக்கு எத்தனை வருமோ அத்தனை."

அவள் எண்ணிக் கொடுத்ததை நான் திரும்ப எண்ணவில்லை. வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு டோக்கனைப் பெட்டியில் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. மனுஷன் பைப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன். தண்ணீர் விழத் தொடங்கியது.