அடுக்களை உள்ள காட்டேஜ்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வன்னியபெருமாள், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காகப் பெண்டாட்டியை விமானத்தில் லட்சத்தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். மூன்று நாள். ஆவுடைத்தாய் கடலைப்பற்றி அப்புறம்தான் யோசித்தாள். மூன்று நாள் அடுப்புப் பக்கமே போகவேண்டாம் என்று நினைத்ததும் தோள்வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்த வீட்டு மனிதர்கள் பக்கத்திலிருக்கிற பொன்முடி மலைக்குப் போவதென்றாலும் படைதிரட்டிக்கொண்டுதான் போவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஊர்சுற்ற வன்னியபெருமாளுக்குக் கூச்சம். ஒரே வாரத்தில் தம்பி, தம்பி பெண்சாதி, சித்தப்பா, சித்தி என்று ஆறு பேர் ஆகிவிட்டார்கள். தீவுக்குள் நுழைய ஆளுக்கொரு அனுமதி ஃபாரம் வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் சீல் வாங்கவேண்டும். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பாவத்துக்கு அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

"கேட்டியா ஆவுடை," என்று ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "டிராவல்ஸ்காரன்ட்ட சொல்லி அடுக்களை உள்ள காட்டேஜா பிடிச்சாச்சு. நாம சைவம்லா? அங்க எங்க பாத்தாலும் மீனுதான். இனி ஒண்ணும் பேடிக்கண்டாம், பயமே இல்ல. அரிசி, பருப்பு, உன் சாம்பார்ப்பொடி எல்லாம் கையோட கொண்டு போயிரலாம்."

பெரிய பரிசு கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம், வாய்விட்டுத் திட்டவும் முடியாது. ஆறு பேருக்கு மூன்று வேளை, பழகாத அடுப்பில். ஆவுடைத்தாய்க்கு அப்போதே களைப்பு வந்துவிட்டது.

"பின்னெ, பூமாரி ஃபோன் பண்ணுனா," என்றார். பூமாரி அவர் தங்கை, பணகுடியில் இருக்கிறாள். "அவளுக்கும் வரணும்னு ஒரே அழுகை. கொச்சியிலேருந்து போற பிளேன் குட்டி பிளேனாம். ஆறு சீட்டுக்கு மேல தரமாட்டேங்கான். என்ன செய்யன்னு தெரியல."

ஆவுடைத்தாய் மேஜைமேல் கிடந்த ஃபாரங்களைப் பார்த்தாள். ஐந்து எழுதி முடித்திருந்தாள். அவளுடையது மட்டும் பாக்கி.

"என் சீட்டை அவளுக்குக் குடுத்திருங்க. நான் வரல."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஆசை விட்டுப்போய்விடவில்லை. ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன, நீ இல்லாமல் நான் எதுக்குப் போகிறேன் என்று ஏதாவது ஒன்று கேட்டிருந்தால் போதும். சாம்பார்ப்பொடியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போயிருப்பாள்.

வன்னியபெருமாள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு யோசித்தார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

"அப்போ அங்க சோறு யாரு பொங்குவா?"

ஆவுடைத்தாய் பேனாவைத் திறந்து, ஆறாவது ஃபாரத்தில் பூமாரியின் பெயரையும் வயதையும் பணகுடி விலாசத்தையும் எழுதினாள்.

"அவ பொங்குவா," என்றாள்.

அவர்கள் போனபிறகு மூன்று நாள் வீடு அவளுக்கு மட்டும்தான். அதை நினைத்துச் சந்தோஷப்படப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.